சம்பந்தியை "வாங்க" என்று கேட்காதவர்

என் தங்கை மகள் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். அட்டையில் வரிசையாக முகங்கள். முதல் முகம் பல் தெரியச் சிரித்தது. அடுத்தடுத்த முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டே போய், கடைசி முகம் கண்ணீர் விட்டு அழுதது. நோயாளியிடம் இதை நீட்டி, "உங்க வலி இதுல எந்த முகம்?" என்று கேட்க வேண்டுமாம். வாயில் குழாய் வைத்தவர்களுக்கு வேறு கணக்காம். நெற்றி சுருங்கினால் இவ்வளவு, கை முறுக்கினால் இவ்வளவு என்று மார்க் போட்டுக் கூட்ட வேண்டுமாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுல சிரிக்க என்ன பெரியம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லடி. இந்த அட்டையை நான் வேலை பார்த்த காலத்துத் திருப்பூர்ல நீட்டியிருந்தா, கால் முறிஞ்சவரும் குடல் வெடிச்சவரும் அந்தச் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருப்பாங்க. அழுகிற முகத்தைத் தொட்டா டாக்டர் மனசு சங்கடப்படுமே!"

அவள் நம்பவில்லை. அப்புறம் அவளை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம். எங்கள் வீட்டில் வலி என்பது பொதுச் சொத்து. அம்மாவுக்குத் தலைவலி வந்தால் மூன்று தெரு தள்ளி இருந்த சித்திக்கும் தெரியும். அப்பா காலில் முள் குத்திக்கொண்டு வந்தால் முள்ளை எடுக்கிற வரை வீட்டில் உலை ஏறாது. அப்படி வளர்ந்தவள் நான். நர்ஸ் படிப்பு முடித்து, அறுபதுகளின் நடுவில், இருபத்து சொச்சம் வயதில், ஒரு தகரப் பெட்டியோடு திருப்பூரில் வந்து இறங்கினேன். ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. முதலாளியும் டாக்டரும் ஒருவரே. பல்லடம் பக்கத்துக்காரர், சர்ஜன், பேச்சில் சிக்கனம், கோபத்தில் தாராளம். வீடு மாடியில், ஆஸ்பத்திரி கீழே. பின்பக்கச் சந்து முழுக்க பனியன் கம்பெனிகள். காலையில் எந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை எங்கள் ஜன்னல் கண்ணாடிகளும் சேர்ந்து அதிரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றெல்லாம் அப்போது பெயர் கிடையாது. என் மேசைக்கு நேர் எதிரே கதவு இல்லாத ஒரு அறை இருந்தது. "சீரியஸ் ரூம்" என்போம். நாலு கட்டில், உயரமாக ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், சலைன் பாட்டில் தொங்கவிட இரும்புக் கம்பி, பிரஷர் பார்க்கிற கருவி ஒன்று. மானிட்டர் எங்கே என்று கேட்டால், அந்த அறையின் மானிட்டர் நான்தான். கண், காது, மூக்கு மூன்றும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சம்பளம் மட்டும் ஒன்றுக்குத்தான்.

கடுமையான வலிக்குப் பெத்தடின் ஊசி. பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி என் இடுப்பில். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, "வலி மிகுந்தால் கொடுக்கவும்" என்று எழுதிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். மிகுந்ததா இல்லையா என்று முடிவு செய்வது என் பாடு. படித்த பாடம் என்ன சொல்கிறது? நோயாளியைக் கேள் என்கிறது. நானும் கேட்டேன்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க."

அடுத்த கட்டில். "உங்களுக்கு?"

"தேவலாமுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கென்னங்க, நல்லா இருக்கறனுங்க." இதைச் சொன்னவருக்கு முந்தைய நாள்தான் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

முதல் சில மாதங்கள் நான் உண்மையாகவே நம்பினேன், இந்த ஊர்க்காரர்களுக்கு வலி என்பதே கிடையாது, நொய்யல் ஆற்றுத் தண்ணீரில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று. பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஒருவர் வந்தார். கையில் பனியன் வேஸ்ட் துணியைப் பந்து போலச் சுற்றியிருந்தார். வரிசையில் தனக்கு முன்னால் இருந்த இருமல்காரருக்கெல்லாம் வழிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து, "லேசாப் பட்டுருச்சுங்க" என்றார். துணியைப் பிரித்தேன். விரல் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவரை விரட்டினார்.

டாக்டர் அறைக்குள் நுழைந்தால் இன்னொரு கூத்து. பெரியவர் வரும்போது காலை நீட்டிப் படுத்திருப்பதா? சலைன் ஊசியோடு எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். வயிற்றில் தையல் போட்டவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். "படுய்யா!" என்று டாக்டர் கத்துவார். கத்தினால் இன்னும் மரியாதை கூடும், இன்னும் வேகமாக எழுவார்கள். நான் இந்தப் பக்கம் ஒரு தோளையும் அந்தப் பக்கம் ஒரு தோளையும் அமுக்கிக்கொண்டு நிற்பேன்.

அதே அறையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த ஒரு அம்மாள் கிடந்தார். பித்தப்பையில் கல். அவர் என் இனம். "ஏத்தா நர்ஸு, உசுரு போகுதுத்தா, ஓடியாத்தா!" என்று அவர் போடுகிற சத்தத்தில் பின்சந்து எந்திரமே ஒரு நிமிடம் நின்று ஓடும். நானும் ஓடுவேன், ஊசியைப் போடுவேன். பக்கத்துக் கட்டிலில் தொடை முறிந்தவர் என்னைப் பார்த்து, "பாவமுங்க அந்தம்மா, மொதல்ல அவிங்களப் பாருங்க" என்பார். கேட்டவருக்கு மருந்து, கேட்காதவருக்குப் "பாவமுங்க." இந்த அநியாயம் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் கோபம்தான் வந்தது. என் மேல் அல்ல, அவர்கள் மேல். வலித்தால் வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு?

கோபப்பட்டு என்ன பயன்? வாய் பொய் சொன்னால் மற்றதைப் பார்க்க வேண்டியதுதான். நானும் ஒரு திருட்டுப் பார்வை பழகினேன். "பரவால்லீங்க" என்று முகம் சொல்லும்போது போர்வைக்குள் கால் பெருவிரல் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கிற கை வெளுத்திருக்கிறதா, மேலுதட்டில் வியர்வை முத்து நிற்கிறதா, நாடி ஓடுகிறதா நடக்கிறதா என்று பார்ப்பேன். நானே கேள்விகளையும் மாற்றிக்கொண்டேன். "வலிக்குதா?" என்று கேட்டால் அது அவர்களுக்கு விருந்தாளியை "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்கிற மாதிரி, வேண்டாம் என்று சொல்வதுதான் பண்பு. ஆகவே, "அங்கிருந்து இந்த ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டுங்க பார்ப்போம்" என்பேன். அப்போது மாட்டிக்கொள்வார்கள். இப்படிப் பாதிக்குப் பாதி சரியாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். மீதிப் பாதியில் நன்றாக ஏமாந்தேன்.

அந்த நேரத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார்.

ஐம்பது வயது இருக்கும். சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தவர். கம்பெனி வாசலில் வண்டியிலிருந்து நூல் மூட்டை இறக்கும்போது மேல் மூட்டை ஒன்று சரிந்து அவருடைய இடது விலாவில் விழுந்துவிட்டது. விலா எலும்புகள் விரிசல் விட்டிருந்தன. டாக்டர் நெஞ்சைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பிளாஸ்டர் ஒட்டி, சீரியஸ் ரூமில் ஜன்னல் ஓரக் கட்டிலில் போடச் சொன்னார்.

பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். "அடி பட்ட இடம் மண்ணீரலுக்கு மேல. இப்பக் கிழியல. நாலஞ்சு நாள் கழிச்சுக்கூடக் கிழியும். கிழிஞ்சா உள்ளயே ரத்தம் கொட்டி ஆள் போயிடுவார். வலி திடீர்னு அதிகமாகும், அதுதான் நமக்கு அறிகுறி. அதிகமாச்சுன்னு அவர் சொன்ன அடுத்த நிமிஷம் நீ மேல வந்து நிக்கணும்."

"அவர் சொல்ல மாட்டாரே டாக்டர்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தானே. "ஆமா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். "நீ பார்த்துக்க."

என் நிலைமையைப் பாருங்கள். ஒரு மனிதரின் உயிர் அவர் "வலிக்குது" என்று சொல்வதில் இருக்கிறது. அந்த மனிதரோ பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லாதவர். நான் கட்டிலுக்குப் போய், "இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"பரவால்லீங்க அம்முணி. நீங்க சாப்ட்டீங்களா?"

இந்தச் "சாப்ட்டீங்களா" அவருடைய தனி வியாதி. பிரஷர் பார்க்கப் போனால் சாப்ட்டீங்களா. மாத்திரை கொடுக்கப் போனால் சாப்ட்டீங்களா. ரத்தம் எடுக்க ஊசியோடு நின்றால், "ஏனுங்க, சாப்பிடாமக் கொள்ளாம நிக்கறீங்களே" என்று கவலை. அறை பெருக்க வருகிற அம்மாளை "வாங்க" என்று எழுந்திருக்கப் பார்ப்பார். ஜன்னலில் ஒரு பூனை வந்து உட்காரும். அதற்கும் "வா சாமி" உண்டு.

பார்க்க வந்தவர்கள் வேறு. கொங்குப் பக்கத்தில் ஒருவருக்கு அடி பட்டுவிட்டால் ஊரில் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாம் பஸ் ஏறிவிடுவார்கள். வெள்ளை வேட்டிகளும் ஆப்பிள் பைகளுமாக வந்துகொண்டே இருந்தார்கள். இதில் எனக்குப் புதிதாக ஒரு பாடம். வந்தவரை "வாங்க" என்று கேட்க வேண்டும். மொத்தமாக அல்ல, ஒவ்வொருவரையும் முகம் பார்த்துத் தனித்தனியாக. கேட்கவில்லை என்றால் அது பத்து வருடத்துக்குப் பேச்சு. இதனால் பெண் கொடுக்காமல் போனவர்கள், கோவில் விசேஷத்துக்குப் போகாமல் விட்டவர்கள் எல்லாம் உண்டு என்று பெருக்குகிற அம்மாள் எனக்கு விவரமாகச் சொன்னார். உடைந்த விலாவோடு ஒரு "வாங்க" சொன்னால் ஒரு குத்து. இவர் ஒரு மணி நேரத்தில் முப்பது "வாங்க" சொன்னார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "பேசக் கூடாதுங்க. டாக்டர் திட்டுவார்."

"வந்தவிங்கள வாங்கன்னு கேக்காம எப்படீங்க அம்முணி?"

"தலையை மட்டும் ஆட்டுங்க."

"அது திமிராட்ட இருக்குமுங்களே!"

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஒரு கும்பலுக்கு ஒரு "வாங்க." கும்பல் முழுவதும் உள்ளே வந்து நின்ற பிறகு, நான் கண்ணைக் காட்டினால், "எல்லாரும் வாங்க" என்று ஒரே தவணையில் முடித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் நல்லபடியாக ஓடியது. மறுநாள் ஒரு அத்தை செருப்பைக் கழற்ற நேரமாகி, அந்த "எல்லாரும் வாங்க" முடிந்த பிறகு உள்ளே வந்துவிட்டார். முகம் சுண்டிப் போயிற்று. அவருக்கு மட்டும் தனியாக ஒரு "வாங்க" சொல்ல வைத்து அனுப்பினேன். அதற்கு வாசல்படியில் நின்றுகொண்டு என்னை ஒரு முறை முறைத்தார்.

அவருடைய மனைவி இதற்கெல்லாம் அசரவில்லை. மெலிந்த, சுறுசுறுப்பான அம்மா. அவருக்கு ஒரே கவலைதான். மூத்த மகளை வெள்ளகோவிலில் கொடுப்பதாக உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அந்தச் சம்பந்தி இன்னும் பார்க்க வரவில்லை. "அவிங்க வர்றப்ப இவுரு எந்திரிச்சு உக்காந்து வாங்கன்னு கேட்டுட்டாப் போதுமுங்க" என்று என்னிடம் நாளுக்கு நாலு முறை சொன்னார். சம்பந்தி பெரிய தோட்டக்காரராம். நல்ல மனிதராம். ஆனால் மரியாதை விஷயத்தில் பட்டென்று கோபம் வருமாம்.

விலா வலி நாளாக ஆகக் குறைந்தது. டாக்டர்கூட, "இன்னும் ரெண்டு மூணு நாள் பார்த்துட்டு அனுப்பிடலாம்" என்றார். எனக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. அன்று மதியம் நான் நாடி பார்த்தபோது நன்றாக இருந்தது. "சாப்ட்டீங்களா அம்முணி?" என்றார். "இல்லீங்க, இனிமேத்தான்" என்றேன். எனக்கும் அந்த "ங்க" ஒட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு வந்து டிபன் டப்பாவைத் திறந்தேன்.

பித்தப்பை அம்மாளுக்கு அன்று பயங்கர வலி. "ஏத்தா!" என்றார். ஓடினேன். அவர் பக்கம் மும்முரமாக இருந்த நேரத்தில் வெள்ளகோவில் சம்பந்தி வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, தோளில் துண்டு, பின்னால் அவர் மனைவி கையில் வாழைப்பழச் சீப்போடு. நடுவில் தடுப்புத் திரை இருந்ததால் நான் அவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரக் கட்டில் பக்கம் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பி வெளியே போய்விட்டார்கள்.

என் மேசைக்குப் பக்கத்தில் பெரிய சத்தம். நான் ஊசியைப் போட்டுவிட்டு வந்தால், சம்பந்தி முகம் சிவந்து நிற்கிறார். நோயாளியின் மனைவி கையைப் பிசைந்துகொண்டு எதிரில் நிற்கிறார்.

"வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கலீங்க! என்னையப் பாத்துட்டு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாருங்க."

"இல்லீங்க, தூக்கக் கலக்கமா இருக்குமுங்க. மருந்து வேகமுங்க..."

"கண்ண நல்லா முழிச்சுட்டுத்தான் இருந்தாரு. பொண்ணக் குடுக்க இஷ்டமில்லீன்னா வாயத் தொறந்து சொல்லீரலாமுங்க. நாங்க என்ன சோத்துக்கில்லாமயா வந்தோம்?"

சம்பந்தியின் மனைவி அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "போதும் வுடுங்க, ஆசுபத்திரியில வந்து..."

"என்ன போதும்? எழவூட்டுலதான் வந்தவன வாங்கன்னு கேக்க மாட்டாங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

பெருக்குகிற அம்மாளை "வாங்க" என்கிறவர். பூனையை "வா" என்கிறவர். நாளைக்குத் தன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? அவரா? நான் டிபன் டப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கியிருந்தன. "வலிக்குதுங்களா?" என்றேன். என்னைப் பார்த்தார், சாப்ட்டீங்களா என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாடியைப் பிடித்தால் நூல் போல இழை இழையாக ஓடுகிறது. கை ஜில்லென்று ஈரமாக இருக்கிறது. இடது தோளை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். மண்ணீரல் கிழிந்தால் வலி அந்தத் தோளில்தான் ஏறும். காலையில் நூற்றிருபது இருந்த பிரஷர் எங்கேயோ கீழே கிடந்தது.

மாடிப்படியில் நான் ஏறிய வேகம் எனக்கே தெரியாது. டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் சாதத்தில் கை. நாடி, பிரஷர், தோள் வலி என்று வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று படித்தவள்தான் நான். மூச்சு வாங்கியதில் வாயில் வந்தது வேறு.

"டாக்டர், அவர் சம்பந்தியை வாங்கன்னு கேக்கலை!"

வேறு ஊர் டாக்டராக இருந்தால் என்னை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். இவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே இலையில் போட்டார். "சம்பந்தியவா?" என்று மட்டும் கேட்டார். கேட்டபோதே எழுந்துவிட்டார். நான் நாடி விவரத்தைச் சொன்னது பாதிப் படியில் இறங்கும்போதுதான். தன் ரசக் கையை ஆபரேஷன் அறைக் குழாயில்தான் கழுவினார்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வயித்தைத் திறக்கணும், இப்பவே" என்றார். மயக்க மருந்து கொடுக்கிறவரை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். அடுத்த கவலை ரத்தம். கோயம்புத்தூரிலிருந்து வரும் வரை அவர் தாங்க மாட்டார். பக்கத்திலேயே யாராவது கொடுக்க வேண்டும். மனைவியின் ரத்தம் சேரவில்லை. கம்பெனியிலிருந்து ஓடி வந்த இரண்டு பேருடையதும் சேரவில்லை. லேப்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "வேற யாரு இருக்கறீங்க?" என்றார்.

சம்பந்தி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு போகவும் முடியாமல், தங்கவும் வெட்கமாக, தூணைப் பார்த்தபடி நின்றார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "பாருங்க, சேருதான்னு" என்றார். சேர்ந்தது.

அவரை மேசையில் படுக்க வைத்து நான் ஊசியை எடுத்தேன். ரத்தம் எடுக்கிற ஊசி அந்தக் காலத்தில் கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் பெரிய தோட்டக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குத்தியபோது மேசையே ஆடியது.

"வலிக்குதுங்களா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார். கண்ணோரத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இவர்களை என்னதான் செய்வது!

பாட்டில் நிறைய நிறைய அவர் மெல்லப் பேசினார். "ஏனுங்க அம்முணி, எனக்குக் கோவம் வராம இருந்திருந்தா உங்குளுக்குத் தெரிஞ்சிருக்காதுங்களா?"

"கொஞ்ச நேரம் கழிச்சுத் தெரிஞ்சிருக்குமுங்க" என்றேன். அவர் இன்னொரு கையால் துண்டை எடுத்துக் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே டாக்டர் கிழிந்த மண்ணீரலை எடுத்தார். சம்பந்தியின் ரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. வெளியே இரண்டு அம்மாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாழைப்பழச் சீப்பு இருவருக்கும் நடுவில் இருந்தது. சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து அவரைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டபோது பின்சந்தில் எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு, "பிழைச்சுக்குவார்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "சோறு மிச்சமிருக்கா பாரு, மேல" என்றார். நான் என் டப்பாவையும் அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. மூக்கில் குழாய், கையில் சலைன், வயிற்றின் குறுக்கே கட்டு. மெதுவாகக் கண் விழித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். ஊருக்கே போகவில்லை, சட்டையின் சலவை மடிப்பெல்லாம் போயிருந்தது. அவரைக் கண்டதும் இவருக்கு முகத்தில் ஒரு பதற்றம். எழுந்திருக்கத் தோளைத் தூக்கப் பார்த்தார். உதடு "வா" என்று குவிந்தது.

சம்பந்தி சட்டென்று அவர் தோளில் கையை வைத்து அமுக்கினார். நான் திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து செய்துகொண்டிருந்த வேலை அது.

"வேண்டாமுங்க. அதெல்லாம் ஒண்ணும் கேக்க வேண்டாமுங்க. நான் வந்து உக்காந்தாச்சு."

இவர் கண் கலங்கியது. "நேத்து... கேக்கலீங்க... தப்பா நெனச்சுக்காதீங்க..."

"நெனச்சனுங்க. பொல்லாத கோவம் வந்துது" என்றார் சம்பந்தி. "இப்ப ஒண்ணு சொல்றனுங்க, கேட்டுக்கங்க. வலிச்சுதுன்னா வலிக்குதுன்னு என்றகிட்டச் சொல்லோணும். சொந்தக்காரன்கிட்டச் சொல்லாம நீங்களே வெச்சுக்கிட்டீங்கன்னா, அதைத்தானுங்க நான் மரியாதக் கொறச்சல்னு எடுத்துக்குவேன். இப்பச் சொல்லுங்க. வலிக்குதா, இல்லியா?"

நான் கட்டில் காலடியில் நின்றிருந்தேன். நோயாளியின் மனைவி வாசலில் காபி டம்ளரோடு நின்றார். என்னுடைய கேள்விகள், தந்திரங்கள், திருட்டுப் பார்வைகள் எதுவும் செய்யாததை இந்த மனிதர் செய்து, தன் சம்பந்தியை மரியாதையின் பக்கத்திலிருந்தே வளைத்துப் பிடித்துவிட்டார். படுத்திருந்தவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தப்பிக்க வழி இல்லை. முகம் மெல்லக் கோணியது.

"வலிக்குதுங்க" என்றார். "ரொம்ப வலிக்குதுங்க சம்பந்தி. தாங்க முடியலீங்க."

வாசலில் காபி டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இந்த ஒரு வார்த்தைய இவுரு வாயில நான் கேட்டதில்லீங்களே" என்று அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஒருவர் வலிக்கிறது என்று சொன்னதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். பெத்தடினை எடுத்து வந்து இடுப்பில் போட்டேன். பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டே பழக்கத்தில் கேட்டேன்.

"ஊசி வலிச்சுதுங்களா?"

அவர் சம்பந்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார்.